கருவி வந்தது, பெயர் எங்கே?

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதிநாளில் பெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறியபோது விழுப்புர மாவட்டம் பட்ட பாட்டை இம்மண்ணில் வாழ்வோர் எளிதில் மறவார். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. தென்பெண்ணை கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடைப்பட்ட தொடர்வண்டிப் பாலத்தை வெள்ளம் எட்டிப் பிடிக்க, அவ்வழிச் செல்லும் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அந்நாள்களில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் எவர் வாய் திறந்தாலும் வந்த தொடர் ஒன்றே: ‘டவர் இல்லை’.

சென்னையிலிருக்கும் மகன் நலமா எனக் கேட்கத் துடித்த தாயும் அதையே சொன்னாள். பேறுகாலத்து மனைவிக்கு வண்டி அழைக்க முயன்ற கணவனும் அதையே சொன்னான். ஆனால், ‘டவர்’ எனப்பட்ட அவ்விருப்புக் கோபுரமோ எல்லார் கண்ணெதிரிலும் நனைந்தபடி நின்றுகொண்டுதான் இருந்தது! இல்லாமற் போனது கோபுரம் அன்று. ஓரிடத்தில் மின் நின்று, கோபுரத்தடியில் இருந்த மின்கலங்கள் தீர்ந்து போயிருக்கும். மற்றோரிடத்தில் மரம் வீழ்ந்து, கோபுரத்தை இணைப்பகத்தோடு பிணைக்கும் ஒளியிழை அறுந்திருக்கும். வேறோரிடத்தில், ஒரு கோபுரம் ஓய்ந்தமையால் அதன் சுமையெல்லாம் அடுத்த கோபுரத்தின்மேல் ஏறி நெரிசல் மிக்கிருக்கும். பழுது மூன்று, தீர்க்க வேண்டியவர் மூவர், தீர்வும் மூன்று. நம் மக்களுக்கோ மூன்றுக்கும் சொல் ஒன்றே. அதுவும் பிறர் சொல். அதுவும் பொருந்தாச் சொல். நோவின் இடமும் பெயரும் சொல்லத் தெரியாதவன் மருத்துவனிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டுமே முனக முடியும். நம் நிலையும் அஃதே.

எம் இல்லத்திற்கு வரும் ஒளியிழை இணைப்பும் அப்புயலில் அறுந்தது. சில நாள் பொறுத்திருந்து, இணைப்பு வழங்குவோரின் அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கே வருவோரிடம் கேட்கப்பட்ட முதல் வினா, ‘ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். எரிகிறதா?’ என்பது. எமக்கு முன் நின்ற முதிய உழவர் ஒருவர், ‘எரியுதுங்க’ என்றார். எது எரிகிறதென்று அவர் அறியார். ‘தெரியாது’ என்றால் திருப்பி அனுப்பிவிடுவரோ என்னும் அச்சமே அவர் வாயிலிருந்து அவ்விடையைச் சொல்லிற்று. முப்பதாண்டு தமிழ் கற்பித்த எம் நிலையும் அவர் நிலையினின்று ஒரு முழமும் உயர்ந்ததன்று. யாமும் விழித்தோம்.

உள்ளிருந்து வந்த இளைஞர் எம் பழைய மாணவர். எம்மைக் கண்டதும், ‘ஐயா, அந்தப் பெட்டியில சிவப்பு விளக்கு எரிஞ்சா, வெளிச்சம் வீடுவரைக்கும் வரலைன்னு பொருள். வழியில எங்கயோ இழை அறுந்திருக்கு’ என்று விளக்கினார். ‘இதை அப்பெரியவரிடமும் இப்படியே சொல்லியிருக்கலாமே, தம்பி’ என்றோம். ‘எங்களுக்கு இப்படிச் சொல்லித் தரலைங்க ஐயா, பயிற்சியெல்லாம் இங்கிலீசுலதான்’ என்றார். நாள்தோறும் அவர் கையாளும் ‘நோடு’, ‘ஹப்’, ‘போர்ட்’ ஆகியவற்றின் பொருள் என்னவென்று வினவினோம். சற்றே சிரித்து, ‘அதெல்லாம் பேருங்க ஐயா, பொருள்னு ஒண்ணும் கிடையாது’ என்றார். அறிவும் உழைப்பும் உள்ள ஒரு தமிழிளைஞர் தாம் நாள்முழுதும் புழங்கும் சொற்களுக்குப் பொருளே இல்லையென நம்பும் நிலைதான் இவ்வாசிரியவுரையை எழுதச் செய்தது.

அச்சொற்களுக்குப் பொருள் இல்லையா? உண்டு, மிக எளிய பொருளே உண்டு. வண்டியுருளையின் நடுவே ஆரக்கால்கள் வந்து கூடுமிடத்தை நம் தச்சர் ‘குடம்’ என்பர். ஆங்கிலத் தச்சர் அதைத்தான் ‘ஹப்’ என்றனர். ‘நோடு’ என்பது முடிச்சு; கரும்பின் கணு. ‘போர்ட்’ என்பது வாயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி வந்தது. ‘டிரங்க்’ என்பது அடிமரம். கிளைகள் பல சேரும் பெருவழி ஆதலின் தொலைப்பேசியார் அப்பெயரிட்டனர். ‘சர்வர்’ என்பவன் பரிமாறுவோன்; ‘ஹோஸ்ட்’ என்பவன் விருந்தோம்புவோன். ‘பிராட்காஸ்ட்’ என்பது ஆங்கில உழவன் நிலத்தில் கைவீசி விதைத்த விதைப்பின் பெயர். ‘டிஜிட்’ என்பதும் இலத்தீனில் விரல். விரல்விட்டு எண்ணியதால் எண்ணுக்கு ஆயிற்று. ‘புளூடூத்’ என்று நம் பிள்ளைகள் மந்திரம்போல் ஓதுவது, ஆயிரம் ஆண்டுகட்கு முன் தென்மார்க்கை ஆண்ட அரசன் ஒருவனின் பட்டப்பெயர். ‘நீலப்பல்லன்’ என்பதே அதன் பொருள்!

ஆகவே, ஆங்கிலச் சிறுவன் இக்கருவிகளின் பெயரைக் கேட்கும்போதே தன் ஊர் வண்டியையும் மரத்தையும் வாயிலையும் வயலையும் காண்கிறான். பெயர் பாதிப் பாடத்தை அவனுக்குச் சொல்லிவிடுகிறது. தமிழ்ச் சிறுவனோ அதே பெயரை வெறும் ஓசையாக விழுங்குகிறான். அவன் இரு மடங்கு உழைத்தும் அரை மடங்கே விளங்கிக்கொள்கிறான். பிறகு, ‘தமிழ்வழியிற் படித்த பிள்ளைக்குத் திறமை குறைவு’ என்று ஊரார் சொல்கின்றனர். குறைந்தது பிள்ளையின் திறமையன்று. நாம் அவனுக்குக் கொடாத சொல்.

இங்கே ஒரு செய்தியை அன்பர்கள் உள்ளத்திற் பதிக்க வேண்டும். இற்றை இணையத்தின் அடிப்படை, செய்தியைச் சிறு சிறு கூறுகளாக்கித் தனித்தனியே விடுப்பதாகும். 1960களின் நடுவில் இம்முறையை வகுத்தவருள் ஒருவர், இங்கிலாந்தின் நாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய தொனால்டு தேவிசு. அக்கூறுகளுக்குப் பெயரிட வேண்டியபோது அவர் மொழியியல் அறிஞர் ஒருவரைக் கலந்தார். பிற மொழிகளிலும் சிதைவின்றிப் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்க வேண்டுமெனத் தேர்ந்தே ‘பேக்கெட்’ என்னும் சொல்லைக் கொண்டார். கண்டுபிடித்தவனே ‘உம் மொழியிற் பெயர்த்துக்கொள்க’ என்று வாயில் திறந்து வைத்திருக்கிறான். நாமோ அவ்வாயிலில் நின்றுகொண்டு, அவன் சொல்லைத் தொட்டால் தீட்டென்று அஞ்சுகிறோம். நம் அரிசி மண்டிகளில் 25 கிலோ அரிசியைக் கட்டி அடுக்கினால் அதற்குச் ‘சிப்பம்’ என்று பெயர். மூட்டை தூக்குவோரும் அறிந்த அச்சொல் அங்கேயே காத்துக் கிடக்கிறது.

பெயர் பிறமொழியில் அமையின் பொருள் மறையும் என்பதற்கு நம் ஊரே சான்று. புளியமரத்தை வடமொழியில் ‘திந்திரிணி’ என்பர். புளிய மரங்கள் அடர்ந்த காடாதலின் ‘திந்திரிணி வனம்’ எனப்பட்டு, அது திண்டிவனம் ஆயிற்று என்பர். ஊர்க்கோயில் இறைவன் பெயரும் திந்திரிணீசுவரரே. ‘புளியங்காடு’ என நின்றிருப்பின், ஊர்ப்பெயரைச் சொல்லுந்தோறும் குழந்தைக்கும் அந்நிலத்தின் வரலாறு விளங்கும். இன்று திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தோருள் தம் ஊர்ப்பெயரின் பொருள் அறிந்தோர் எத்தனை பேர்? விழுப்புரத்தின் கதை வேறு. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட பெயரைப் படித்து, ‘வில்லுப்புரம்’ என்று சொல்வோரை நாள்தோறும் கேட்கிறோம். 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்பத் திருத்தி அரசாணை வந்தது. சில நாள்களிலேயே திரும்பப் பெறவும்பட்டது. ஊர்ப்பெயரில் நேர்ந்ததே இன்று கருவிப்பெயரில் நேர்கிறது.

‘இத்துறைச் சொற்களைத் தமிழால் ஆக்க முடியுமா?’ என ஐயுறுவோர்க்கு வரலாறு விடை சொல்லும். மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்திய அதே 1916ஆம் ஆண்டில், சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கவென்றே ஒரு கழகம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் விபுலானந்த அடிகள் போன்ற அறிஞரைக் கொண்டு துறைதோறும் சொல் தொகுத்து 1938இல் நூலாக்கியது. 1974இல் பாவாணர் தலைமையில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கிற்று. மணவை முசுத்தபா தனியொருவராகவே கலைச்சொல் அகரமுதலிகளை அடுக்கடுக்காய் வெளியிட்டார். இவ்வுழைப்பெல்லாம் வீண்போகவில்லை. ‘தபால்’ போய் அஞ்சல் வந்தது, ‘ரேடியோ’ வானொலியாயிற்று, கணினி, இணையம், மின்னஞ்சல் ஆகியவை பள்ளிச் சிறார் வாயிலும் நிலைத்துவிட்டன. முதலில் இவற்றையும் எள்ளி நகையாடியோர் இருந்தனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளே இச்சொற்களை எழுதுகின்றனர்.

கடல் கடந்தும் நோக்குவோம். ஐசுலாந்து என்னும் சிறு தீவில் வாழ்வோர் நான்கு நூறாயிரத்தினும் குறைவு. மாவட்டப் பிரிவினைக்கு முன், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் விழுப்புர மாவட்டத்தில் மட்டும் 34 நூறாயிரத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர். அச்சிறு கூட்டம் தொலைப்பேசிக்கு, இழையைக் குறித்து வழக்கொழிந்து கிடந்த ‘சீமி’ என்னும் தம் பழஞ்சொல்லை மீட்டுச் சூட்டியது. கணினிக்கு, எண்ணையும் குறிசொல்லும் மூதாட்டியையும் குறிக்கும் சொற்களை இணைத்து ‘தோல்வா’ என்றது. நம்மில் பத்திலொரு பங்கினர் மொழியைக் காக்க, பழம்பெருமை பேசும் நாம் வாளாவிருப்பது நாணத்தக்கதன்றோ?

எனினும், பிறரை மட்டும் குறைகூறி முடித்துக்கொள்வது நேர்மையன்று. நம் இயக்கத்தாரிடத்தும் பெருங்குறை உண்டு. ஒரு கருவிக்குக் கைப்பேசி, அலைபேசி, செல்பேசி, செல்லிடப்பேசி, நகர்பேசி என ஐந்து பெயர் வைத்தோம். ‘நெட்வொர்க்’ தமிழகத்தில் பிணையம்; ஈழத்தில் வலையமைப்பு. அரசு ‘கண்ணாடி இழை’ என்கிறது. நாம் ‘ஒளியிழை’ என்கிறோம். ஒருவர் ஒரு சொல் படைத்தால், அடுத்த திங்களே மற்றொருவர் அதனினும் தூயதொன்றைப் படைக்கிறார். சொற்போரில் நாம் வென்றுகொண்டே இருக்கிறோம். கம்பமேறும் தொழிலாளியோ இவற்றுள் ஒன்றையும் கேட்டறியான். அகரமுதலியில் உறங்கும் சொல், களஞ்சியத்தில் புழுத்த விதை நெல்லுக்கு ஒப்பாகும். விதைத்தால்தான் அது நெல்.

எனவே, புதிது புனைவதினும் நிலைநிறுத்துவதே இன்றையத் தேவை. இருக்கும் சொற்களைக் கொண்டே ஒரு செய்தியின் செலவை இங்கே சொல்லிக் காட்டுவோம். திண்டிவனத்து மாணவி ஒருத்தி, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்துத் தோழிக்கு ஒரு படம் விடுக்கிறாள் எனக் கொள்க. அவள் கைப்பேசி அப்படத்தைச் சுழியும் ஒன்றுமாகிய எண்மமாக மாற்றுகிறது. ஒரு சுழியோ ஒன்றோ ‘பிட்’; அதனைத் துணுக்கு என்போம். எட்டுத் துணுக்கு கூடியது ‘பைட்’. அதனை எண்மி என்போம். இவ்விரண்டன் வேறுபாடு அறியாமையால் நம் மக்கள் மயங்குகின்றனர். நொடிக்கு 100 மெகாபிட் தருவோம் என்று நிறுவனம் சொல்வதை எட்டால் வகுத்தால், நொடிக்கு 12.5 மெகாபைட்டே வரும். பேரம் பேசுமுன் அளவையைத் தெரிந்துகொள்ள வேண்டாவா?

எண்மமான படம் சிப்பம் சிப்பமாகப் பிரிகிறது. ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் சேருமிட முகவரி உண்டு. அவை அருகலை வழியே வீட்டுத் திசைவியைச் சேர்கின்றன. திசைவி வழி பார்த்து அனுப்புகிறது. அடுத்து ஒளிமுனையம், ‘ஓ.என்.டி.’ என்று எம்மை மருட்டியது இதுவே. மின்குறியை ஒளியாக்கி இழைக்குள் செலுத்துவதும், வரும் ஒளியை மீண்டும் மின்குறியாக்குவதும் இதன் பணி. மயிரிழையொத்த கண்ணாடி இழைக்குள் ஒளி பக்கச் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி ஓடுகிறது. தெருமுனையில் ‘ஸ்பிலிட்டர்’ எனும் சிறு பெட்டி. மரக்கிளை இரண்டாய்ப் பிரியுமிடம் கவை. இங்கும் ஓரிழை பல இழையாய்க் கவைத்துச் செல்வதால் இதனைக் கவை எனலாம். இதற்கு மின் வேண்டுவதில்லை. இணைப்பகத்தினின்று புறப்படும் ஓரிழையை இக்கவைகள் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகின்றன.

இன்று பரவலாக உள்ள ஒருவகைப் பிணையத்தில் அவ்வோரிழையின் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட். மாலையில் எல்லா வீட்டாரும் ஒருசேரப் படம் பார்க்கத் தொடங்கின் பங்கு குறையும். ஏரிப்பாசனம் அறிந்த நம் உழவர்க்கு இதனை விளக்க ஒரு தொடர் போதும்: மதகு ஒன்று, கழனி பல. வாய்க்காலின் அகலமே ‘பேண்ட்வித்’. அதனைக் கற்றையகலம் என்கிறோம். மதகு திறந்தபின் தண்ணீர் கழனியை எட்டும்வரை ஆகும் நேரமே ‘லேட்டன்சி’, அது சுணக்கம். அகலம் வேறு, சுணக்கம் வேறு என்பதைக் கடைமடை உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டா. இணைப்பகம் கடந்த சிப்பங்கள் நேரே விழுப்புரம் செல்லாமல், சென்னை சென்று திரும்பி வரவும் கூடும். வழியில் தவறிய சிப்பம் மீண்டும் கேட்டுப் பெறப்படும். எல்லாம் சேர்ந்தபின் தோழியின் கையில் படம் மலரும். இவ்வளவையும் தமிழாற் சொன்னோம். எங்கேனும் மூச்சு முட்டிற்றா?

‘வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர்தானே பயன்படும்?’ என்பர் சிலர். ஆங்கிலப் பெயரை மறைக்குமாறு யாம் சொல்லவில்லை. பிறநாட்டாரோடு தொழில் செய்ய அவர்தம் பெயரையும் கற்கட்டும். முதலில் தமிழாற் பொருள் விளங்கி, பின்னர் ஆங்கிலப் பெயரைக் கற்பவன் இரண்டையும் ஆள்வான். பொருள் விளங்காமற் பெயரை மட்டும் உருப்போட்டவன் இரண்டுக்கும் ஆட்படுவான். எம் மாணவர் அன்று சிவப்பு விளக்கை விளக்கிய தமிழ், எந்த அகரமுதலியிலிருந்தும் எடுத்ததன்று. கேட்டவுடன் அவர் வாயிலிருந்து வந்தது. கேட்பார் இல்லாமையே அதுவரை அதனை அடைத்து வைத்திருந்தது.

தமிழ்நாட்டின் 12,525 சிற்றூராட்சிகளையும் ஒளியிழையாற் பிணைக்கும் அரசுத் திட்டம் நம் ஊர்களுக்கும் உரியது. இழை வரும்போதே பெயரும் வந்து சேர வேண்டும். அதற்கு நாம் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. முதலாவது, பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் நிறுவப்படும் ஒவ்வொரு கருவியின் மேலும் அதன் தமிழ்ப் பெயரை எழுதி ஒட்டுக. திசைவி, ஒளிமுனையம், மின்கலம் என ஒட்டுவதற்கு ஒரு தாளும் பசையும் போதும். இரண்டாவது, ‘சொற்குவை’ போன்ற அரசுத் தொகுப்பில் உள்ள சொல்லோ, மக்கள் வழக்கில் வேரூன்றிய சொல்லோ, ஒரு கருவிக்கு ஒன்றையே கொண்டு அதனையே எல்லாரும் வழங்குக. தாம் ஆக்கிய சொல் தோற்பினும் தமிழ் வெல்லட்டும் என்னும் பெருந்தன்மை நம் புலவர்க்கு வேண்டும். மூன்றாவது, தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிப்போர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைத் தமிழால் விளக்கிய பின்னரே ஆங்கிலப் பெயரை எழுதிப் போடுக. நான்காவது, பணம் செலுத்திப் பயன்கொள்ளும் நாம் முறையீட்டைத் தமிழிலேயே எழுதுவோம். மறுமொழியையும் தமிழிலேயே கேட்போம்.

இது மொழிப்பற்றின் பாற்பட்டது மட்டுமன்று; உரிமையின் பாற்பட்டது. பெயர் அறியாதவன் பழுதைச் சுட்ட மாட்டான். பழுதைச் சுட்டாதவன் தீர்வைக் கேட்க மாட்டான். கேட்கத் தெரியாதவன் தன் பணத்தைக் கட்டிவிட்டுத் தானே இரவலன்போல் கைகட்டி நிற்பான். அன்று அவ்வலுவலகத்தில் கண்ட முதியவர் முகம் எம் கண்ணை விட்டு அகலவில்லை. புயல் இனியும் வரும். நம் கடற்கரைக்கு அது புதிதன்று. அடுத்த புயலின் மறுநாள் அப்பெரியவர் அதே இடத்திற் சென்று, ‘தம்பி, பெட்டிக்கு ஒளி வரலை. தெருவில கவைவரைக்கும் பார்த்துட்டேன். அதுக்கு அப்பாலதான் இழை அறுந்திருக்கு. என்னைக்குச் சரி பண்ணுவீங்க?’ என்று தலைநிமிர்ந்து கேட்க வேண்டும். அந்த ஒரு வினாவுக்காகவே நாம் இத்தனை சொற்களையும் ஆக்கினோம்.